ரப்பர் இல்லாத பெட்டி

பிப்ரவரி 3, திங்கள்

டாக்டர் குறித்து வைக்கச் சொன்னதால் இந்த நோட்டு. எந்தெந்த நாள் உதிரப்போக்கு, எவ்வளவு, வலி உண்டா என்று எழுதினால் போதும் என்றார். இவ்வளவு பெரிய பக்கத்தில் ஒரு வரி எழுதி மூட மனம் வரவில்லை. தொழில் பழக்கம்.

இன்று: உண்டு. நிறைய. வலி பரவாயில்லை.

என் சீன முதலாளி கோ புதிய வேலை கொடுத்திருக்கிறார். கோவின் நிறுவனம் சின்னது. மேசை விளையாட்டுகளை அச்சிட்டு விற்கிறது. விதிப் புத்தகம் எழுதுவது என் பொறுப்பு. யாரோ கண்டுபிடித்த விளையாட்டை, வாங்குகிறவர் பெட்டியைத் திறந்து, யாரையும் கேட்காமல் தாமே ஆடும்படி எழுதித் தரவேண்டும். யாரையும் கேட்காமல் என்பதுதான் இதில் முக்கியம். மானுடவியல் படித்துவிட்டு இதையா செய்கிறாய் என்று சென்னையில் உடன் படித்தவர்கள் கேட்பதுண்டு. மனிதர்களைப் பற்றி எழுதுவதைவிட விதிகளை எழுதுவது நேர்மையான வேலை என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

இது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. ஆளுக்கு ஒரு பாத்திரம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தப் பாத்திரமாகவே பேசி, ஒரு கதையை நடத்திக்கொண்டு போகவேண்டும். வெற்றி தோல்வி கிடையாது. உருவாக்கியவள் ரோவெனா, பிலிப்பைன்ஸில் பதங்காஸ் பக்கம். நாற்பதைத் தாண்டியவள். பகலில் இந்த ஊரிலேயே ஒரு விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிறாள். அவளுடைய கதை புயல் அடித்து ஓய்ந்த ஒரு தீவு ஊரில் நடக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் மடித்த அட்டை ஒன்று. வெளிப்பக்கம் பெயர், தொழில், ஊருக்குத் தெரிந்தவை. உள்பக்கம் உங்களைக் கைதூக்கி விட்டவர்களின் பெயர்கள். அந்த உள்பக்கத்துக்கு அவள் மொழியிலேயே தலைப்பு வைத்திருக்கிறாள்: உதாங் ந லோஓப். உள்ளே இருக்கும் கடன் என்று பொருளாம்.

"எழுதிய பெயரை எப்போது அழிக்கலாம்?" என்று ஓரத்தில் கேள்வி எழுதி அனுப்பினேன்.

"அழிக்க முடியாது, ஆத்தே" என்று பதில் வந்தது. ஆத்தே என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. முதல் மடலிலேயே அக்கா. எனக்கு இந்த வேகம் பிடிப்பதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

ரோவெனாவை அவள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள உணவங்காடியில் சந்தித்தேன். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். எழுத உட்கார்ந்தால் தமிழில்தான் வருகிறது, அவள் குரல்கூட.

"முடிவில்லாத விதி விதியே இல்ல, ரோவெனா. ஆடுறவங்களுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணும்."

"எதுக்கு நிறுத்தணும்?"

"ஒருத்தர் உதவி செஞ்சார். நான் திருப்பிச் செஞ்சேன். சரியாப் போச்சு. பேரை அழிச்சுடலாம்."

மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். "நான் வயித்துல இருக்கும்போது எங்கம்மா வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. டீனோன்னு மீன் விக்கிறவர் ஒருத்தர் தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தைக் கடந்தார். அவர் போய்ச் சேர்ந்துட்டார். போன வருஷம் அவர் பேரன் கல்யாணத்துக்கு இங்கேருந்து போனேன். அவங்க வீட்டு நாய் செத்தாக்கூட எங்க வீட்ல ஒருத்தர் போய் நிப்போம்."

"நாய்க்கா?"

"நல்ல நாயா இருந்தா."

சிரிக்காமல் சொன்னாள். நானும் சிரிக்கவில்லை. "இதுக்கு அடிமைத்தனம்னு பேரு" என்றேன்.

"சில சமயம் ஆமா. ஓட்டுக் கேட்டு வர்றவன், உங்கப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்தது யாரும்பான். முதலாளியும் அதையேதான் சொல்வான். அதுக்காக டீனோ ஆத்தைக் கடக்கலேன்னு ஆயிடுமா?"

ஒரு நாட்டு மக்களை ஒரே சொல்லுக்குள் அடைக்கிற ஆய்வுகளைப் படிப்பு முடிந்த நாளிலிருந்து சந்தேகப்பட்டு வருகிறேன் என்று சொன்னேன். "சந்தேகப்படுங்க, ஆத்தே. கோப்பி ஆறுது" என்றாள்.

எதற்கோ அண்ணனைப் பற்றிச் சொல்லும்படி ஆயிற்று. அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தது அண்ணன். அதைச் சொல்லிக் காட்டியே என்னை வளர்த்தார்கள், இந்தக் கடனெல்லாம் எனக்குத் தெரியாததல்ல என்றேன்.

"யாரு சொல்லிக் காட்டினது? அண்ணனா?"

"வீட்ல."

கோப்பிக்கு அவளே காசு கொடுத்துவிட்டாள். கிளம்பும் முன் பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி குவே பலகாரம் வாங்கி அவள் கையில் கொடுத்தேன். எதையும் மறுநாளுக்கு வைக்கும் பழக்கம் எனக்கில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும். திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கட்டிகள் பெரிதாகியிருக்கின்றன. கருப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். "குழந்தை எண்ணம் ஏதும்..." என்று இழுத்தவர் என் வயதைத் திரையில் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தேதி கொடுத்துவிட்டார்கள், இந்த மாதக் கடைசி.

வெளியே மேசையில் தாதி கேட்டார். ஈப்போ ஊர்க்காரரின் தமிழ். "கூட யாரு வருவாங்க, மேடம்?"

"யாரும் வேண்டாம். டாக்சில போயிடுவேன்."

"டாக்சி கையெழுத்துப் போடாதுங்களே."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். குழாய் ரிப்பேர் செய்கிறவர் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை நீக்கினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

விதிப் புத்தகத்துக்கு இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு ரோவெனாவுக்கு எழுதினேன். காரணம் சொல்லவில்லை. உடனே போன் செய்தாள்.

"ரெண்டு வாரமா? நம்ம வயசுப் பொம்பளை ரெண்டு வாரம் லீவு கேட்டா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்கக்காவுக்கு எடுத்தாச்சு. எந்த ஆஸ்பத்திரி?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன்.

"கூட யாரு?"

கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரி, நான் வர்றேன். என் சூப்பர்வைசர்கிட்ட அக்காவுக்கு ஆபரேஷன்னு சொல்லிடுவேன். பொய்யும் இல்ல பாருங்க."

மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். சிரித்தால் தையல் இழுக்கிறது என்பதைத் தவிர குறை ஒன்றுமில்லை. கண் விழித்தபோது ரோவெனா நாற்காலியில் உட்கார்ந்து மருத்துவமனைத் துண்டுத் தாளின் பின்பக்கம் என் செருப்பை வரைந்துகொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்ட இடத்தில் உறவு என்று கேட்டிருந்ததற்கு என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து தினமும் வருகிறாள். முதல் நாள் வரும்போதே தன் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடி மூடி போட்ட, கனத்த, நீல நிறப் பானை. என் பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரு ஆளுக்குன்னே வாங்கியிருக்கீங்க" என்றாள். கோழியும் இஞ்சியும் போட்டு அரிசியைக் குழையக் குழைய வேகவைக்கிற கஞ்சி அவர்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவர்களுக்கு. இஞ்சியை அம்மா வெட்டுவதுபோல் மெல்லிய குச்சிகளாக வெட்டுகிறாள். இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்று தலை அலசிவிட்டாள். குனிய முடியாது என்பதால் பாத்ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு, பின்னால் வாளி வைத்து. கடைசியாக என் தலையை இன்னொருவர் தொட்டது எப்போது என்று யோசித்தேன். பார்லரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

மார்ச் 12, புதன்

பரிசோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. இன்று தனியாகக் கீழே போய் ரொட்டி வாங்கி வந்தேன். இனி வர வேண்டாம் என்று ரோவெனாவிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு நாள்தான் ஒருவரை அலையவிடுவது.

மார்ச் 16, ஞாயிறு

காலை முழுவதும் கடையில். ரோவெனா பழைய டேப்லட்டில்தான் படம் வரைகிறாள், பேனாவின் முனை தேய்ந்திருக்கிறது. இருப்பதிலேயே நல்லதாக ஒன்று வாங்கினேன். பானையைத் தேய்த்துக் கழுவி, பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால், டேப்லட் பெட்டியை அதற்குள் வைத்தேன். சரியாக நுழைந்தது. ஒரு வாழ்த்தட்டை. என்ன எழுதுவது என்று சிரமப்பட்டு, கடைசியில் எளிமையாக எழுதினேன்: "செய்ததற்கெல்லாம் நன்றி. இனி நமக்குள் பாக்கி எதுவும் இல்லை. கோதை."

அவள் வீட்டில் இல்லை. அவளோடு தங்கியிருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ரோவெனாவிடமிருந்து மடல். "அன்புள்ள மிஸ் கோதை, தங்கள் பரிசு கிடைத்தது. மிக்க நன்றி. மூன்றாம் அத்தியாயத் திருத்தங்களை இணைத்துள்ளேன்."

கோவுக்கும் நகல் போட்டிருந்தாள். அலுவல் மடல் என்பதால் அப்படி எழுதியிருப்பாள்.

மார்ச் 20, வியாழன்

கோவுக்கு நகல் போடாத மடலிலும் மிஸ் கோதைதான்.

மார்ச் 22, சனி

பாத்திரம் வடிய வைக்கும் தட்டுக்குப் பின்னால் பானையின் கண்ணாடி மூடி இருக்கிறது. அன்று தனியாகக் கழுவிச் சாய்த்து வைத்தவள் மறந்துவிட்டிருக்கிறேன். இப்படி நான் மறப்பதில்லை. ரோவெனா இதுவரை கேட்கவில்லை. திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

மழை. மூடியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கோவின் அலுவலகத்தில் சோதனை ஆட்டம். ரோவெனா, அவள் நண்பர்கள் மூவர். அதில் ஜூன் என்பவர் கப்பல் பட்டறையில் பொறியாளர், வாய் ஓய்வதில்லை. நான் விதிப் புத்தகத்தோடு ஓரத்தில். என் விதியையும் சேர்த்து ஆடிப் பார்க்கலாம் என்று ரோவெனா ஒப்புக்கொண்டிருந்தாள்: உதவியும் பதிலுதவியும் சமமானால் இருவரும் உள்பக்கத்துப் பெயரை அழித்துவிடலாம். அதற்காகப் பெட்டியில் ஒரு சின்ன ரப்பரும் வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஆட்டத்தில் ஜூன் படகுக்காரர். ரோவெனா மளிகைக்கடை நடத்தும் விதவை. இரண்டாவது வெள்ளத்தில் அவரைத் தன் கடை மச்சில் ஏற்றிக் காப்பாற்றினாள். பிறகு சேற்றில் புதைந்த அவள் மகனை ஜூன் இழுத்து வெளியே போட்டார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் அழிச்சுடலாம்" என்றேன்.

"எதுக்கு?" என்றார் ஜூன்.

"சமமாயிடுச்சு."

"சமமாயிட்டா, இனி நான் அவங்க கடைக்குப் போகக்கூடாதா?"

"தாராளமாப் போகலாம். வாடிக்கையாளரா."

மேசையில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஜூன் ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆத்தே, இந்த மேசையில ரப்பரே இல்ல. எலி தூக்கிட்டுப் போயிடுச்சு."

"கொடு, ஜூன்" என்றாள் ரோவெனா. "விதி விதிதான். மிஸ் கோதை எழுதியிருக்காங்க." கை நீட்டி ரப்பரை வாங்கி, தன் அட்டையைத் திறந்து, ஜூனின் பெயரை அழித்தாள். சுத்தமாக. துகளை ஊதிவிட்டு அட்டையை மடித்து வைத்தாள். "ஆச்சு. நீ யாரு, எனக்குத் தெரியாது. என்ன வேணும்? அரிசியா, எண்ணெயா?"

பாத்திரமாகத்தான் பேசினாள். ஜூன் தன் அட்டையை மடித்து வைத்தார். அதன்பின் ஆட்டம் நகரவில்லை, ஒருவர் வேலைக்கு நேரமாகிவிட்டதாகச் சொன்னார்.

அறிக்கையில் எழுதியது: விதி புரிகிறது. வேலை செய்கிறது. வாசகங்களைச் சற்று மென்மையாக்கலாம்.

ஜூன்கூட ஆத்தே என்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருச்சியிலிருந்து அண்ணன். புது வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சியாயிற்று. நான் குத்துவிளக்கு அனுப்பியிருந்தேன்.

"விளக்கு வந்துச்சும்மா. நல்ல கனம். அண்ணி பூஜை ரூம்ல வச்சுட்டா."

"சரிண்ணே."

"எப்பவும் சாமான்தான் வருது. நீ வர மாட்டேங்கிற."

"லீவு கிடைக்கலண்ணே."

"மாடில உனக்கு ஒரு ரூம் போட்டிருக்கு. கிழக்க ஜன்னல். நீதான் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உக்காந்திருப்பியே."

"எதுக்குண்ணே அதெல்லாம்? நான் எப்ப வரப்போறேன்?"

"வராட்டி பூட்டிக் கிடக்கட்டும். அது உன் ரூம்." பிறகு, "குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றார்.

"ஏசி."

மருத்துவமனையைப் பற்றி அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விமானம் ஏறிவிடுவார், வீடு கட்டின களைப்போடு.

வைத்தபிறகு, படிக்க வைத்ததை அண்ணன் சொல்லிக் காட்டிய இடங்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். சித்தப்பா சொல்லியிருக்கிறார். கல்யாண வீடுகளில் அத்தைகள். நான் வரன்களை வேண்டாமென்றபோதெல்லாம் அம்மா. அண்ணன் சொன்னதாக ஒரு இடம்கூட வரவில்லை. நினைவு நம்பத்தக்கதல்ல, அதுவும் நாற்பத்தொன்பது வயதில்.

ஏப்ரல் 10, வியாழன்

கோ கூப்பிட்டார், பேச்சில் ஒட்டும் வழக்கமான 'லா'வோடு. "நல்ல செய்தி, கோதை. ரோவெனா உங்க விதியையே வச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க. சண்டையே இல்ல. இந்த மாசக் கடைசில அச்சுக்குப் போயிடலாம் லா."

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா. இனி கூட்டத்துக்கு வர நேரம் இல்லையாம். படங்களை என்கிட்டயே அனுப்பிடுறேன்னாங்க. அடுத்த விளையாட்டுக்கு வேற ஆள் எழுதினாலும் பரவாயில்லையாம். உங்களுக்குள்ள ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல."

அதுதான் உண்மை. ஒன்றும் இல்லை. நானே எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் துணி மடித்தேன். எதிர் புளோக்கில் ஆறாவது மாடியில் ஒரு குடும்பம் மொத்தமும் சேர்ந்து ஒரு மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அச்சுக்குப் போகுமுன் அழிக்கும் விதியின் வாசகத்தை ஒருமுறை தனியாகச் செய்து பார்ப்பது வழக்கம். வாங்குகிறவர் செய்வதுபோல அட்டையை மடித்தேன். வெளிப்பக்கம் பெயர், தொழில், ஊருக்குத் தெரிந்தவை எழுத அதிக நேரம் ஆகவில்லை. உள்பக்கம் பென்சிலால் ஒரு பெயர் எழுதினேன், சோதனைக்காக. அதற்குக் கீழே இன்னொன்று.

"உதவியும் பதிலுதவியும் சமமாகிவிட்டன என்று நீங்கள் கருதினால், பெயரை அழித்துவிடவும்." வாசகத்தில் குழப்பம் ஏதுமில்லை.

ரப்பர் சரியில்லை. காகிதம் கிழிந்துவிடும்போல் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

இந்த விதி தவறு.

நான் ஏன் இதை எழுதினேன் என்பது வேறு விஷயம். விளையாட்டுக்கு இது தவறு. அழித்ததும் ஜூனும் ரோவெனாவும் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு விதியின் வேலை அடுத்த ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது. இது முடித்து வைக்கிறது.

ஆனால் என் சந்தேகமும் பொய்யல்ல. ஓட்டுக் கேட்டு வருகிறவன் இருக்கிறான், சித்தப்பா இருக்கிறார். அவர்களுக்கும் சேர்த்து ஒரு விதி வேண்டும். பகல் முழுவதும் எழுதி எழுதி அடித்தேன். சாப்பிட மறந்துவிட்டது. கடைசியில் நின்றது இவ்வளவு:

உள்ளே எழுதிய பெயரை அதைச் சுமப்பவர் அழிக்க முடியாது.
உதவி செய்தவர் அதைச் சொல்லிக் காட்டினால், அந்தக் கணமே அவர் பெயர் அழியும்.
உள்ளே பெயர் இருப்பவரிடம் எப்போது வேண்டுமானாலும் இன்னொன்று கேட்கலாம்.

மூன்றாவதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுகிறவர்கள் இதைச் செய்வார்களா என்று தெரியவில்லை. ஏற்கெனவே வாங்கியவரிடம் போய் மறுபடியும் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் ஆடும்படி எழுதுவதுதான் என் தொழில்.

ஏப்ரல் 17, வியாழன்

விதிகளை ரோவெனாவுக்கு அனுப்பினேன். "பார்த்தேன். நன்றாக இருக்கிறது. நன்றி, மிஸ் கோதை."

அனுப்பியதே தவறு. விதியை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் விளக்கை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பதும் ஒன்றுதான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அவள் மாதா கோயிலுக்குப் போயிருப்பாள், இன்று தொந்தரவு செய்யக்கூடாது. மூடியைத் துடைத்து வைத்தேன். துணியில் சுற்றினேன். பிறகு பிரித்துப் பழைய இடத்திலேயே சாய்த்து வைத்தேன். இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் அவளுடையது என்று இந்த வீட்டில் எதுவும் இருக்காது.

ஏப்ரல் 22, செவ்வாய்

மாலை ரோவெனாவுக்குப் போன் செய்தேன். இரண்டு முறை மணி அடிக்கும்முன் வைத்துவிட்டேன். மூன்றாவது முறை எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க, மிஸ் கோதை. ஏதாவது திருத்தமா?"

"இல்ல."

"உடம்பு?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கேன்." மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கஞ்சி வேணும்."

அவள் பக்கம் தொலைவில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வேணும்?"

"நீ செய்வியே, அந்தக் கஞ்சி. இங்க வந்து செய்து தர முடியுமா? காரணம் எதுவும் இல்ல. எனக்குச் சாப்பிடணும்."

"அரிசியும் கோழியும் உங்க வீட்டுக்குக் கீழ இருக்கு. செய்முறை எழுதி அனுப்பவா? நீங்க நல்லா விதி எழுதறவங்க, பார்த்துச் செஞ்சுடுவீங்க."

குத்தியது. குத்தத்தான் சொன்னாள். "நானா செய்தா வேண்டாம்" என்றேன்.

"அந்த டேப்லட்டை நான் தொடவே இல்ல" என்றாள். "அன்னைக்குப் பானையைத் திறந்தப்போ என் ரூம்மேட்டும் பக்கத்துல இருந்தா. அட்டையை வாசிச்சுட்டு, உன்னை வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாடின்னு கேட்டா."

"நான் நினைச்சது..."

"நீங்க மரியாதைக்குன்னு நினைச்சு எழுதினீங்க. தெரியும். ஆனா நீங்க எழுதினதைச் செய்யறவங்க. அதான் எனக்குப் பயமாப் போச்சு."

மன்னிப்பு கேட்டேனா என்று இப்போது நினைவில்லை. கேட்டிருப்பேன். அவள் அதைக் காதில் வாங்காமல், "மூடி இல்லாம அந்தக் கஞ்சி சரியா வராது" என்றாள்.

"மூடி என்கிட்டதான் இருக்கு. பானையைத் திருப்பித் தரும்போது மறந்துட்டேன்."

"தெரியும். திறந்த அன்னைக்கே தெரியும்."

"ஏன் கேட்கல?"

"கேட்டா கொடுத்துடுவீங்களே."

ஜன்னலருகே போய் நின்றுகொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வர்றேன்" என்றாள். "அந்த மூணாவது விதி, ஆத்தே. அது யாருக்கும் வராது. ஆடுறவங்க திணறுவாங்க."

"திணறட்டும்."

ஏப்ரல் 24, வியாழன்

கோவுக்கு எழுதினேன்: பழைய விதியை நீக்கிப் புதிய மூன்றையும் போடவும், ரோவெனாவும் சம்மதித்துவிட்டாள். பெட்டியில் ரப்பர் வேண்டாம்.

பதில்: "ரப்பர் ஏற்கெனவே வாங்கியாச்சு லா. ஒரு மூட்டை. என்ன செய்யறது?"

எலி தூக்கிக்கொண்டு போய்விட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். கோவுக்குப் புரிந்திருக்காது.

ஏப்ரல் 25, வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்து அறுவை சிகிச்சையைச் சொன்னேன். அண்ணி போனைப் பிடுங்கித் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "மாடி ரூமுக்குக் கொசுவலை போடணுமா, வேண்டாமா? அதையாவது சொல்லித் தொலை" என்றார்.

போடச் சொன்னேன்.

ஏப்ரல் 26, சனி

வீட்டைப் பெருக்கினேன். நாளைக்காகத் தேக்கா சந்தைக்குப் போனேன். கோழிக்கடை வரிசையில் நின்றவள் பாதியில் விலகி வந்துவிட்டேன். காய்கறிக்காரரிடம் நல்ல இஞ்சி இருந்தது, இளசு, நாரில்லாதது. கையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

"எவ்வளவு போடட்டும்க்கா?"

"வேண்டாம்" என்று வைத்துவிட்டேன். அவள் கொண்டு வருவாள்.